எக்ஸ்பிரஸ் சர்வரில் கோர்ஸ் அனுமதியை அமைக்கும் முறை

வலைச் செயலி ஒன்றை முகப்பு, பின்புலம் என்று முதன்முறையாக இரண்டாகப் பிரித்து எழுதுபவர் ஏறக்குறைய முதல் நாளிலேயே ஒரு சிவப்பு வரியைச் சந்திக்கிறார். முகப்புப் பக்கம் லோக்கல்ஹோஸ்ட் 5173-ஆம் போர்ட்டிலும், தரவை வழங்கும் ஏபிஐ சர்வர் 8000-ஆம் போர்ட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தியதும் தரவு வருவதற்குப் பதிலாக, கோர்ஸ் கொள்கையின்படி இந்தக் கோரிக்கை தடுக்கப்பட்டது என்ற செய்தி உலாவியின் கன்சோலில் தோன்றும். கோர்ஸ் என்பது, ஓரிடத்திலிருந்து வந்த பக்கம் வேறோர் இடத்தில் உள்ள சர்வரின் தரவைப் படிக்க அந்தச் சர்வர் அனுமதி தரும் முறை. அதே முகவரியை உலாவியின் முகவரிப் பட்டையில் நேரடியாகத் தட்டச்சு செய்தால் தரவு ஒழுங்காக வருகிறது. முனையத்தில் கர்ல் கட்டளையால் கேட்டாலும் வருகிறது. நம் பக்கத்தில் உள்ள நிரல் கேட்கும்போது மட்டும் கிடைப்பதில்லை.

இந்தத் தடையை விதிப்பது உலாவி. அதை விலக்கும் அதிகாரமோ சர்வரிடம் மட்டுமே இருக்கிறது. முகப்பில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரலை எத்தனை விதமாக மாற்றி எழுதினாலும் சிக்கல் தீராததற்கும், உலாவியே அல்லாத கர்லுக்குச் சிக்கல் எழாததற்கும் காரணம் இதுவே. நோட்.ஜேஎஸ் மேல் இயங்கும் எக்ஸ்பிரஸ் ஃப்ரேம்வொர்க்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்த அனுமதியைப் படிப்படியாக அமைக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. எங்கும் கிடைக்கும் ஒற்றை வரித் தீர்வை ஒட்டிவிட்டு நகர்வது எளிது. ஆனால் அந்த வரி எந்த அனுமதியை யாருக்குக் கொடுக்கிறது என்று தெரியாமல் அதைப் பயனர்கள் புழங்கும் சர்வருக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே, நிரலுக்கு வருமுன் உலாவி என்ன செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

ஆரிஜின் என்றால் எது?

உலாவி தான் திறந்திருக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் ஓர் ஆரிஜினோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது. எச்டிடிபி அல்லது எச்டிடிபிஎஸ் என்ற நெறிமுறை, ஹோஸ்ட் பெயர், போர்ட் எண் ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஆரிஜின். மூன்றும் பொருந்தினால்தான் இரண்டு முகவரிகள் ஒரே ஆரிஜினைச் சேர்ந்தவை. ஒன்று மாறினாலும் அவை உலாவிக்கு அந்நியமானவை. எச்டிடிபிஎஸ்://ஆப்.எக்ஸாம்பிள்.காம் என்ற பக்கமும் எச்டிடிபிஎஸ்://ஏபிஐ.எக்ஸாம்பிள்.காம் என்ற சர்வரும் ஒரே உரிமையாளருடையவை என்பது நமக்குத் தெரியும், ஆனால் ஹோஸ்ட் பெயர் வேறாக இருப்பதால் உலாவி அவற்றை வெவ்வேறாகவே நடத்தும். லோக்கல்ஹோஸ்ட் என்பதும் 127.0.0.1 என்பதும் ஒரே கணினியைச் சுட்டினாலும் எழுத்து வடிவில் வேறுபடுவதால் அவையும் இரண்டு ஆரிஜின்களே. புதியவர்கள் பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். முகவரியில் போர்ட்டுக்குப் பின் வரும் பாதைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

ஒரு பக்கத்தின் நிரல் மற்றோர் ஆரிஜினின் தரவைப் படிக்கக் கூடாது என்ற விதிக்கு ஒரே ஆரிஜின் கொள்கை என்று பெயர். ஜாவாஸ்கிரிப்ட் பிறந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2-இன் காலத்திலேயே, அதாவது 1990-களின் நடுவிலேயே, இந்த விதியும் தோன்றிவிட்டது. ஒரு தாவலில் நீங்கள் உங்கள் மின்னஞ்சலுக்குள் நுழைந்திருக்கும்போது, மற்றொரு தாவலில் தற்செயலாகத் திறந்த ஏதோ ஒரு பக்கம், உங்கள் உள்நுழைவை நினைவில் வைத்திருக்கும் குக்கியைப் பயன்படுத்தி அந்த மின்னஞ்சல்களைப் படித்துவிட முடியாமல் காப்பது இந்த விதிதான். ஆனால் உரிய இடங்களில் ஆரிஜின் எல்லையைத் தாண்டவும் வேண்டியிருந்தது. அதற்காக ஸ்கிரிப்ட் குறியின் வழியாகத் தரவை இழுக்கும் ஜேசான்பி போன்ற சுற்றுவழிகள் சில காலம் புழங்கின. முறையான வழியாக வந்த கோர்ஸ் 2014 ஜனவரியில், வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாயிற்று. இப்போது அதன் விதிகள் வாட்விஜி என்ற மற்றொரு வலைத் தரநிலைக் குழு பராமரிக்கும் ஃபெட்ச் தரநிலையில் அடங்கியுள்ளன.

கோரிக்கை இரண்டு வகைப்படும்

முதல் வகை எளிய கோரிக்கை. கெட், ஹெட், போஸ்ட் ஆகிய மூன்று முறைகளுள் ஒன்றைப் பயன்படுத்தி, உலாவி பாதுகாப்பானவை என்று கருதும் ஒருசில ஹெடர்களை (கோரிக்கையோடும் பதிலோடும் செல்லும் குறிப்பு வரிகளை) மட்டும் கொண்டிருக்கும் கோரிக்கை இதில் சேரும். பழைய எச்டிஎம்எல் படிவம் ஒன்று எப்போதுமே அனுப்பக்கூடிய கோரிக்கைகளின் அளவுதான் இது. இத்தகைய கோரிக்கையை உலாவி எவரையும் கேட்காமல் நேரடியாக அனுப்பிவிடுகிறது. அதனுடன் ஆரிஜின் என்ற ஹெடரில் பக்கத்தின் ஆரிஜினையும் சேர்த்து அனுப்புகிறது. சர்வர் தன் பதிலில் ஆக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின் என்ற ஹெடரை வைத்து, அதில் அதே ஆரிஜினையோ நட்சத்திரக் குறியையோ எழுதியிருந்தால் பதில் நிரலின் கைக்குச் செல்லும். இல்லாவிட்டால் உலாவி அதைத் தன்னிடமே நிறுத்திக்கொண்டு பிழையைக் காட்டும். கோர்ஸ் தொடர்பான ஹெடர்கள் ஆக்சஸ்-கன்ட்ரோல் என்ற முன்னொட்டுடன் தொடங்குவதால், இனி அதை விட்டுவிட்டு அலவ்-ஆரிஜின், அலவ்-மெத்தட்ஸ் என்று சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். நிரலிலும் கர்ல் வெளியீட்டிலும் முழுப்பெயரே இருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எளிய கோரிக்கை தடுக்கப்பட்டது என்று கன்சோல் காட்டும்போது, உண்மையில் கோரிக்கை தடுக்கப்படவில்லை; அது சர்வரை அடைந்து, அங்கே உள்ள நிரல் முழுமையாக ஓடி, பதிலும் திரும்பி வந்துவிட்டது. தடுக்கப்பட்டது அந்தப் பதிலைப் படிக்கும் உரிமை மட்டுமே. ஆகவே, கோர்ஸ் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அடையாளச் சோதனையையோ, அயல்தளப் போலிக் கோரிக்கைகளுக்கு எதிரான காப்பையோ கைவிடுவது பெருந்தவறு.

இரண்டாம் வகைக் கோரிக்கைக்கு முன்னனுமதி வேண்டும். புட், பேட்ச், டெலீட் போன்ற முறைகளையோ, அடையாளச் சான்றைச் சுமக்கும் ஆதரைசேஷன் போன்ற ஹெடர்களையோ பயன்படுத்தும் கோரிக்கைகள் இதில் அடங்கும். உள்ளடக்க வகை அப்ளிகேஷன்/ஜேசான் என்று குறிக்கப்பட்ட போஸ்ட் கோரிக்கையும் இவ்வகையே. படிவக் குறியீட்டின் இரண்டு வகைகளும் வெற்று உரையும் மட்டுமே எளிய வகைக்குள் வரும். எனவே இன்றைய ஏபிஐ கோரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையில்தான் விழுகின்றன. உண்மையான கோரிக்கைக்கு முன்னால் உலாவி ஆப்ஷன்ஸ் என்ற முறையில் ஒரு சிறு கோரிக்கையை அனுப்பி, இந்த ஆரிஜினிலிருந்து இந்த முறையில் இந்த ஹெடர்களுடன் ஒரு கோரிக்கை வரவிருக்கிறது, ஏற்பாயா என்று சர்வரிடம் கேட்கிறது. இதற்கு ப்ரீஃப்ளைட் என்று பெயர். சர்வர் 200 முதல் 299 வரையிலான நிலைக் குறியீட்டுடன், அலவ்-ஆரிஜின், அலவ்-மெத்தட்ஸ், அலவ்-ஹெடர்ஸ் ஆகியவற்றின் வழியாக ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் உண்மையான கோரிக்கை புறப்படுவதே இல்லை. ப்ரீஃப்ளைட்டில் குக்கியோ ஆதரைசேஷன் ஹெடரின் மதிப்போ ஒருபோதும் இருக்காது என்பதை இப்போதே மனத்தில் கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒரு முக்கியமான படி இதைச் சார்ந்தது.

நிரலைத் தொடுமுன்

எந்தெந்த ஆரிஜின்களில் உள்ள பக்கங்கள் இந்த ஏபிஐயை அழைக்கும், எந்த முறைகளைப் பயன்படுத்தும், வழக்கத்துக்கு மாறான எந்த ஹெடர்களை அனுப்பும், குக்கி தேவையா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடையை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் கேள்விக்கான விடையை உங்கள் ஊகத்திலிருந்து எழுதாமல், உலாவியின் நெட்வொர்க் பகுதியில் தோல்வியுற்ற கோரிக்கையைத் திறந்து, அதில் ஆரிஜின் என்ற ஹெடரில் இருப்பதை அப்படியே படியெடுப்பது நல்லது. அதன் இறுதியில் சாய்கோடு இருக்காது. முகவரிப் பட்டையிலிருந்து நகலெடுத்தால் இறுதியில் ஒரு சாய்கோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒப்பீடு எழுத்துக்கு எழுத்து நடப்பதால் அந்த ஒற்றைச் சாய்கோடே அனுமதியை மறுக்கப் போதுமானது. இந்த ஓர் எழுத்தைக் கண்டுபிடிக்க நான் அரை நாள் செலவிட்டிருக்கிறேன் என்பதால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

எக்ஸ்பிரஸில் அமைத்தல்

முதல் படியாக, திட்டத்தின் கோப்புறையில் இருந்தவாறு, நோட்.ஜேஎஸ் தொகுப்புகளை நிறுவும் கருவியான என்பிஎம் வழியாக கோர்ஸ் என்ற பெயரிலேயே உள்ள தொகுப்பை நிறுவ வேண்டும். இது எக்ஸ்பிரஸுக்கான மிடில்வேர். ஒவ்வொரு கோரிக்கையும் உங்கள் ரூட்டுகளை (ஒவ்வொரு பாதைக்கும் பதில் தரும் நிரல் பகுதிகளை) அடையும் முன் இதன் வழியே கடந்து செல்லும். நிறுவிய பின், செயலியின் தொடக்கக் கோப்பில் எக்ஸ்பிரஸை இறக்குமதி செய்த வரிக்கு அடுத்து இதையும் இறக்குமதி செய்யுங்கள்.

அடுத்து அமைப்புகளைக் கொண்ட ஓர் ஆப்ஜெக்ட்டை உருவாக்க வேண்டும். எந்த அமைப்பும் தராமல் இந்த மிடில்வேரைச் சேர்த்தால், அது அலவ்-ஆரிஜினில் நட்சத்திரக் குறியை வைத்து உலகின் எந்தப் பக்கத்துக்கும் பதிலைப் படிக்க அனுமதி தந்துவிடும். யாவரும் படிக்கலாம் என்ற நோக்குடன் வெளியிடப்படும், உள்நுழைவு தேவைப்படாத தரவுக்கு அது முற்றிலும் சரியான அமைப்பே. பயனர் கணக்கு சார்ந்த ஏபிஐக்கு அது பொருந்தாது. ஆகவே ஆப்ஜெக்ட்டில் ஆரிஜின் என்ற பண்புக்கு, நீங்கள் தாளில் எழுதிய ஆரிஜின்களை ஓர் அர்ரேயாகக் கொடுங்கள். அப்போது மிடில்வேர் ஒவ்வொரு கோரிக்கையின் ஆரிஜினையும் பட்டியலோடு ஒப்பிட்டு, இருந்தால் அதையே அலவ்-ஆரிஜினில் திருப்பி எழுதும். இல்லாவிட்டால் அந்த ஹெடரை விட்டுவிடும். ஒரே பதிலில் பல ஆரிஜின்களைக் காற்புள்ளியிட்டு அடுக்க கோர்ஸ் விதிகள் இடம் தருவதில்லை என்பதால்தான் இப்படிக் கோரிக்கைக்கு ஒன்றாகத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டியிருக்கிறது.

மெத்தட்ஸ் என்ற பண்பில் நீங்கள் உண்மையிலேயே பயன்படுத்தும் முறைகளை எழுதுங்கள். விட்டுவிட்டால் கெட், ஹெட், புட், பேட்ச், போஸ்ட், டெலீட் ஆகிய ஆறையும் தொகுப்பு அனுமதிக்கும். அலவ்ட்-ஹெடர்ஸ் என்ற பண்பில் கன்டென்ட்-டைப், ஆதரைசேஷன் ஆகிய இரண்டும் பொதுவாகப் போதும். இதை விட்டுவிட்டால் உலாவி கேட்கும் எந்த ஹெடரையும் தொகுப்பு அப்படியே ஒப்புக்கொள்ளும். அது வசதியாகத் தோன்றினாலும், நாம் எதை ஏற்கிறோம் என்பதை எழுதி வைப்பதே பின்னால் நிரலைப் படிப்பவருக்கு உதவும் என்று நான் கருதுகிறேன்.

பிறகு இந்த மிடில்வேரை எங்கே வைப்பது என்ற கேள்வி வருகிறது. தவறான அமைப்புகளைவிடத் தவறான வரிசையே அதிகத் தொல்லை தருகிறது. எக்ஸ்பிரஸ் தன் மிடில்வேர்களை எழுதப்பட்ட வரிசையிலேயே ஓட்டுகிறது. ப்ரீஃப்ளைட் கோரிக்கையில் அடையாளச் சான்று எதுவும் இருக்காது என்று மேலே பார்த்தோம். உங்கள் அடையாளச் சோதனை மிடில்வேர் முதலில் இருந்தால், அது சான்று இல்லாத அந்தக் கோரிக்கையை 401 என்ற குறியீட்டுடன் திருப்பி அனுப்பிவிடும். உலாவியோ அதை மறுப்பாகக் கொண்டு உண்மையான கோரிக்கையை அனுப்பாது. பயனர் சரியான டோக்கன் வைத்திருந்தும் உள்ளே வர முடியாத நிலை இப்படித்தான் உண்டாகிறது. ஆகவே செயலியை உருவாக்கிய வரிக்கு அடுத்தபடியாக, ஜேசான் உடலைப் பிரிக்கும் மிடில்வேருக்கும், அடையாளச் சோதனைக்கும், எல்லா ரூட்டுகளுக்கும் முன்னதாக, ஆப்.யூஸ் வழியாக கோர்ஸைச் சேர்த்துவிடுங்கள். அவ்வாறு சேர்த்தால் ப்ரீஃப்ளைட்டுகளுக்கு 204 என்ற குறியீட்டுடன் அந்த மிடில்வேரே பதிலளித்து முடித்துவிடும். நீங்கள் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை.

ஒரே ஒரு ரூட்டுக்கு மட்டும் கோர்ஸ் தேவை என்றால் அந்த ரூட்டின் வரையறைக்குள் மிடில்வேரைக் கொடுக்கலாம். ஆனால் கெட் ரூட்டுக்குக் கொடுத்தது ஆப்ஷன்ஸ் கோரிக்கையைக் கவனிக்காது; அதே பாதைக்கு ஆப்.ஆப்ஷன்ஸ் வழியாகவும் அதைச் சேர்க்க வேண்டும். பழைய பாடங்களில் ஆப்.ஆப்ஷன்ஸுக்கு வெறும் நட்சத்திரக் குறியைப் பாதையாகக் கொடுக்கும் ஒரு வரி இருக்கும். எக்ஸ்பிரஸ் 5-இல் பெயரில்லாத நட்சத்திரக் குறியைப் பாதையாக ஏற்கும் வழக்கம் நீக்கப்பட்டுவிட்டதால், அந்த வரி செயலியைத் தொடங்கும்போதே பிழையைத் தரும். ஆப்.யூஸ் இருக்கும்போது அந்த வரியே தேவையில்லை, நீக்கிவிடுங்கள்.

ஆரிஜின் பட்டியலை நிரலுக்குள் நேரடியாக எழுதாமல், சூழல் மாறியில் காற்புள்ளியால் பிரித்து வைத்து, தொடக்கத்தில் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றின் இருபுற வெற்றிடங்களையும் நீக்கிப் பயன்படுத்துவது நல்ல வழக்கம். உருவாக்கச் சூழலுக்கும் உண்மைச் சூழலுக்கும் பட்டியல் வேறுபடும் என்பதே இதற்குக் காரணம். பட்டியலுக்குப் பதிலாக ஒரு ஃபங்ஷனையும் ஆரிஜின் பண்பில் கொடுக்கலாம். தரவுத்தளத்திலிருந்து ஆரிஜின்களைப் பெறுபவர்களுக்கு அது தேவைப்படும். அங்கே பொருந்தாத ஆரிஜினுக்கு ஒரு எரரை எழுப்பும் வழக்கம் பல எடுத்துக்காட்டுகளில் காணப்படுகிறது. அப்படிச் செய்தால் அந்தக் கோரிக்கைகள் 500 என்ற குறியீட்டுடன் முடிந்து, உங்கள் பதிவேடுகள் உண்மையான கோளாறுகளோடு கலந்துவிடும். எரருக்கு, மதிப்பு இல்லை என்று பொருள்படும் நல் என்றும், அனுமதிக்கு ஃபால்ஸ் என்றும் கொடுத்து அமைதியாக மறுப்பதே தூய்மையானது. கர்லிலிருந்தும் பிற சர்வர்களிலிருந்தும் வரும் கோரிக்கைகளில் ஆரிஜின் ஹெடரே இருக்காது என்பதையும் அந்த ஃபங்ஷன் கருத்தில் கொள்ள வேண்டும்.

உலாவிக்கு முன் கர்லில் சோதித்தல்

அமைத்து முடித்ததும் உலாவிக்குத் திரும்பிப் பொத்தானை அழுத்தத் தோன்றும். அதற்கு முன் கர்லில் ஒருமுறை சோதிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும், ஏனெனில் கர்ல் எதையும் மறைக்காமல் சர்வர் சொன்னதை அப்படியே காட்டும். ஹெடர்களையும் காட்டும் சிறிய ஐ விருப்பத்தையும், முறையை மாற்றும் பெரிய எக்ஸ் விருப்பத்தையும் கொடுத்து, முறையாக ஆப்ஷன்ஸை வைத்து, பெரிய எச் விருப்பத்தின் வழியாக மூன்று ஹெடர்களைச் சேருங்கள்: ஆரிஜின் ஹெடரில் உங்கள் முகப்பின் ஆரிஜின், ஆக்சஸ்-கன்ட்ரோல்-ரெக்வெஸ்ட்-மெத்தட் ஹெடரில் போஸ்ட், ஆக்சஸ்-கன்ட்ரோல்-ரெக்வெஸ்ட்-ஹெடர்ஸ் ஹெடரில் கன்டென்ட்-டைப். உலாவி அனுப்பும் ப்ரீஃப்ளைட்டைத்தான் இப்போது நீங்கள் கையால் அனுப்புகிறீர்கள். பதிலில் 204 என்ற குறியீடும், நீங்கள் கொடுத்த அதே ஆரிஜினுடன் அலவ்-ஆரிஜினும், முறைகளும் ஹெடர்களும் இருக்க வேண்டும்.

பிறகு பட்டியலில் இல்லாத ஓர் ஆரிஜினைக் கொடுத்து அதே கட்டளையை மீண்டும் ஓட்டுங்கள். இப்போதும் 204 வரலாம். அதைக் கண்டு கலங்க வேண்டாம். அலவ்-ஆரிஜின் இல்லாதிருந்தால் அதுவே மறுப்பு. அனுமதிப்பதைச் சோதிப்பவர்கள் பலர், மறுப்பதைச் சோதிப்பவர்கள் சிலர். ஆனால் பாதுகாப்பு இந்த இரண்டாம் சோதனையில்தான் இருக்கிறது.

குக்கியோடு வரும் கோரிக்கைகள்

வேறு ஆரிஜினுக்கு ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் ஃபங்ஷன் வழியாகச் செல்லும் கோரிக்கையில் உலாவி தானாகக் குக்கியைச் சேர்ப்பதில்லை. மூன்று இடங்களில் மூன்று செயல்கள் ஒருங்கே நடந்தால்தான் குக்கி பயணிக்கும். முகப்பில் ஃபெட்ச் அழைப்பின் கிரெடென்ஷியல்ஸ் என்ற அமைப்புக்கு இன்க்ளூட் என்ற மதிப்பைத் தர வேண்டும். ஃபெட்சுக்குப் பதிலாக ஆக்சியோஸ் என்ற நிரலகத்தைப் பயன்படுத்துபவர்கள் வித்-கிரெடென்ஷியல்ஸை ட்ரூ ஆக்க வேண்டும். சர்வரில் கோர்ஸ் அமைப்புகளில் கிரெடென்ஷியல்ஸ் பண்பை ட்ரூ ஆக்க வேண்டும். குக்கியை உருவாக்கும் இடத்தில், வேறு தளத்திலிருந்து எழும் கோரிக்கையோடு அது செல்லலாமா என்று சொல்லும் சேம்-சைட் பண்பு சரியாக இருக்க வேண்டும்.

குக்கியோடு கூடிய கோரிக்கைக்கு அலவ்-ஆரிஜினில் நட்சத்திரக் குறியை உலாவி ஏற்காது. பெயர் சொல்லி அனுமதித்தாக வேண்டும். இந்தத் தடையைத் தாண்டுவதற்காக ஆரிஜின் பண்பை ட்ரூ ஆக்கி, வருகிற எந்த ஆரிஜினையும் அப்படியே எதிரொலிக்கும் அமைப்பைச் சிலர் வைத்துவிடுகிறார்கள். கிரெடென்ஷியல்ஸும் அதோடு சேர்ந்தால், உள்நுழைந்த பயனரின் தரவை உலகின் எந்தப் பக்கமும் படிக்கலாம் என்று எழுதிக் கொடுத்ததாகிவிடும். ஒரே ஆரிஜின் கொள்கை எந்த ஆபத்திலிருந்து காக்க வந்ததோ, அதே ஆபத்துக்கு இது கதவைத் திறந்துவிடுகிறது.

சேம்-சைட் விஷயத்தில் ஆரிஜின் வேறு, சைட் வேறு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஆப்.எக்ஸாம்பிள்.காம், ஏபிஐ.எக்ஸாம்பிள்.காம் ஆகிய இரண்டும் எச்டிடிபிஎஸ்ஸில் இயங்கினால் வெவ்வேறு ஆரிஜின்கள், ஆனால் ஒரே சைட். ஆகவே அங்கே லாக்ஸ் என்ற மதிப்பே போதும். முகப்பும் ஏபிஐயும் முற்றிலும் வேறு டொமைன்களில் இருந்தால் சேம்-சைட்டுக்கு நன் என்ற மதிப்பைத் தந்து, எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் குக்கியை அனுப்பச் செய்யும் செக்யூர் பண்பையும் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தும்கூட, மூன்றாம் தரப்புக் குக்கிகளை 2020 முதல் இயல்பாகவே தடுக்கும் சஃபாரியில் அது வேலை செய்யாது. உங்கள் விருப்பத்துக்கு இடமிருந்தால் முகப்பையும் ஏபிஐயையும் ஒரே டொமைனின் கீழ் துணை டொமைன்களாக வைப்பதே மிகவும் சிக்கலற்ற வழி.

தற்காலிகச் சேமிப்பும் வெளிக்காட்டும் ஹெடர்களும்

ஒவ்வொரு கோரிக்கைக்கும் முன் ஒரு ப்ரீஃப்ளைட் செல்வது செயலியின் வேகத்தைக் குறைக்கும். மேக்ஸ்-ஏஜ் என்ற அமைப்பில் நொடிகளின் எண்ணிக்கையைக் கொடுத்தால், கிடைத்த ஒப்புதலை உலாவி அவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும். கொடுக்காவிட்டால் வெறும் 5 நொடிதான். குரோமியம் சார்ந்த உலாவிகள் 7200 நொடிக்கு மேலும், ஃபயர்பாக்ஸ் 86400 நொடிக்கு மேலும் மதிப்பதில்லை. அமைப்புகளைச் சோதித்துக்கொண்டிருக்கும் காலத்தில் இதைச் சேர்க்காதீர்கள். பழைய ஒப்புதல் உலாவியில் தங்கி, நீங்கள் செய்த மாற்றம் பலிக்கவில்லை என்ற மயக்கத்தைத் தரும்.

இடையில் சிடிஎன் (பதில்களை நகலெடுத்து வைத்துப் பயனருக்கு அருகிலிருந்து தரும் சர்வர்கள்) போன்ற தற்காலிகச் சேமிப்புகள் இருந்தால், ஓர் ஆரிஜினுக்காக எழுதப்பட்ட பதில் மற்றோர் ஆரிஜினுக்குப் போய்விடக் கூடாது. வேரி என்ற ஹெடரில் ஆரிஜின் என்று எழுதுவதன் நோக்கம் அதுவே. ஆரிஜின்களைப் பட்டியலாகக் கொடுத்தால் எக்ஸ்பிரஸின் கோர்ஸ் தொகுப்பு இதைத் தானே சேர்த்துவிடும். கையால் ஹெடர் எழுதுபவர்கள்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

பதிலில் உள்ள எல்லா ஹெடர்களையும் முகப்பு நிரல் படிக்க முடியாது என்பதும் பலரைத் திகைக்க வைக்கிறது. கன்டென்ட்-டைப், கேஷ்-கன்ட்ரோல் போன்ற சில மட்டுமே இயல்பாகத் தெரியும். மொத்தப் பக்க எண்ணிக்கையைச் சொல்லும் உங்கள் சொந்த ஹெடர் நெட்வொர்க் பகுதியில் கண்ணுக்குத் தெரிந்தும் நிரலில் நல் என்று வந்தால், அதன் பெயரை எக்ஸ்போஸ்ட்-ஹெடர்ஸ் பண்பில் சேர்க்க வேண்டும்.

கோர்ஸ் போலத் தோன்றும் பிற பிழைகள்

கன்சோல் கோர்ஸ் என்று சொன்னால் காரணமும் கோர்ஸ்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அலவ்-ஆரிஜின் இல்லாத எந்தப் பதிலையும் உலாவி கோர்ஸ் பிழையாகவே காட்டும். உங்கள் செயலி செயலிழந்து, அதன் முன்னால் நின்று கோரிக்கைகளை அதற்கு அனுப்பும் எஞ்சின்எக்ஸ் என்ற வலைச் சர்வர் தானே 502 என்ற பதிலை எழுதினால், அதில் செயலி சேர்க்க வேண்டிய ஹெடர்கள் இருக்காது. விளைவாக, நின்றுபோன சர்வர் கோர்ஸ் சிக்கலாக வேடமிட்டு வரும். எனவே நெட்வொர்க் பகுதியில் நிலைக் குறியீட்டையும், சர்வரின் பதிவேட்டையும் முதலில் பாருங்கள்.

எஞ்சின்எக்ஸும் செயலியும் ஒருசேர அலவ்-ஆரிஜினை எழுதினால் அந்த ஹெடர் இருமுறை வரும். ஒரே மதிப்பு மட்டுமே இருக்கலாம் என்பதால் உலாவி அதை மறுத்துவிடும். எந்த இடத்தில் எழுதுவது என்று ஒன்றைத் தேர்ந்து, மற்றதிலிருந்து நீக்குங்கள். ஆரிஜின் பட்டியல் செயலியோடு சேர்ந்தே மாறுவதால் செயலியிலேயே வைத்திருப்பதை நான் விரும்புகிறேன். எஞ்சின்எக்ஸில்தான் வைக்க வேண்டுமென்றால், அதன் ஆட்-ஹெடர் கட்டளை ஆல்வேஸ் என்ற சொல் இல்லாமல் பிழைப் பதில்களில் ஹெடரைச் சேர்க்காது என்பதை மறக்க வேண்டாம்.

ப்ரீஃப்ளைட்டுக்கு வழிமாற்றுப் பதில் வந்தால் அது தோல்வியே. எச்டிடிபியில் கேட்டு எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பப்படுவதும், பாதையின் இறுதியில் சாய்கோடு இல்லாததால் சாய்கோடு உள்ள முகவரிக்குத் திருப்பப்படுவதும் இதன் வழக்கமான வடிவங்கள். முகப்பில் இறுதி முகவரியையே எழுதினால் தீரும். ஃபெட்சின் மோட் அமைப்பில் நோ-கோர்ஸ் என்று எழுதிப் பிழைச் செய்தியை மறையச் செய்யலாம் என்ற அறிவுரையையும் காண்பீர்கள். செய்தி மறையும், ஆனால் பதிலின் உடலோ நிலைக் குறியீடோ உங்கள் நிரலுக்குத் தெரியாது. தரவு வேண்டும் என்பவருக்கு அது பயன்படாது.

பிற ஃப்ரேம்வொர்க்குகளில்

கருத்து எங்கும் ஒன்றே. பெயரும் வரிசையும்தான் மாறும். ஜாங்கோவில் ஜாங்கோ-கோர்ஸ்-ஹெடர்ஸ் என்ற தொகுப்பின் மிடில்வேரை, காமன்-மிடில்வேருக்கு மேலே வைத்து, கோர்ஸ்-அலவ்ட்-ஆரிஜின்ஸ் பட்டியலை நிரப்ப வேண்டும். ஃபாஸ்ட்ஏபிஐயில் கோர்ஸ்-மிடில்வேர் உடனேயே கிடைக்கிறது; அனுமதிக்கப்படும் முறை இயல்பாக கெட் மட்டுமே என்பதால் மற்றவற்றை நீங்கள் எழுத வேண்டும். மேலும், பிடிக்கப்படாத எக்செப்ஷனால் வரும் 500 பதில் அந்த மிடில்வேருக்கு வெளியே உருவாவதால் அதில் கோர்ஸ் ஹெடர்கள் இருக்காது. பைத்தான் நிரலில் உள்ள சாதாரணப் பிழை உலாவியில் கோர்ஸ் பிழையாகத் தெரிவது இதனால்தான். ஸ்பிரிங்கில் கன்ட்ரோலரின் மேல் கிராஸ்-ஆரிஜின் குறிப்பை எழுதினாலும், ஸ்பிரிங் செக்யூரிட்டி இருந்தால் அதிலும் கோர்ஸை இயக்க வேண்டும். இல்லாவிட்டால் ப்ரீஃப்ளைட் அங்கேயே மறுக்கப்படும். ஏஎஸ்பி.நெட் கோரில் யூஸ்-கோர்ஸ் என்ற அழைப்பு ரூட்டிங்குக்குப் பின்னும் ஆதரைசேஷனுக்கு முன்னும் வர வேண்டும்.

ஆரிஜினை ஒப்பிடும்போது

பல துணை டொமைன்களை அனுமதிக்க வேண்டியவர்கள் ஆரிஜினின் முடிவு எக்ஸாம்பிள்.காம் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதுண்டு. அந்தச் சோதனையை போலிஎக்ஸாம்பிள்.காம் என்ற டொமைனும் தாண்டிவிடும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதினால் தொடக்கத்தையும் முடிவையும் கட்டி, புள்ளிகளுக்கு முன் பின்சாய்கோடு இட்டு, நெறிமுறையையும் சேர்த்து எழுதுங்கள். பின்சாய்கோடு இடாத புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும். நல் என்ற சொல்லே ஆரிஜினாக வருவதும் உண்டு. சாண்ட்பாக்ஸ் செய்யப்பட்ட ஐஃப்ரேமும், கணினியிலிருந்து நேரடியாகத் திறந்த கோப்பும் அப்படித்தான் அனுப்பும். கோப்பைத் திறந்து சோதிக்கும் வசதிக்காக அதைப் பட்டியலில் சேர்த்தால், எவரும் ஓர் ஐஃப்ரேமை உருவாக்கி அந்த அனுமதியைப் பெற்றுவிடலாம். கோப்பை நேரடியாகத் திறப்பதை விட்டு, ஒரு சிறு உள்ளூர்ச் சர்வரின் வழியாகத் திறந்து சோதியுங்கள்.

உருவாக்கச் சூழலில் மட்டுமே ஆரிஜின்கள் வேறுபட்டு, உண்மைச் சூழலில் முகப்பும் ஏபிஐயும் ஒரே ஆரிஜினில் அமையப் போகின்றன என்றால் கோர்ஸே தேவையில்லை. வீட் போன்ற உருவாக்கச் சர்வர்களில் உள்ள ப்ராக்ஸி அமைப்பில், ஏபிஐ என்று தொடங்கும் பாதைகளை 8000-ஆம் போர்ட்டுக்குத் திருப்பிவிட்டால், உலாவிக்கு எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதாகத் தோன்றும். அப்படி அல்லாமல் கோர்ஸ் அமைப்போடு வெளியிடுபவர்கள், வெளியிடும் நாளில் உண்மைச் சூழலின் பட்டியலைத் திறந்து அதில் லோக்கல்ஹோஸ்ட் எஞ்சியிருக்கிறதா என்று பார்த்து நீக்கிவிட்டு, மேலே சொன்ன இரண்டு கர்ல் சோதனைகளையும் உண்மை முகவரிக்கு எதிராக மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.